நெஞ்சுல ஸ்டென்ட், வீட்டு மேல லோன், 16 தறி ஓடுது. எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியல

தறிக்குடோன்_பல்லடம்:

வணக்கமுங்க. பல்லடம் பக்கம் தறிக்குடோன் வெச்சிருக்கேன், 16 தறி, காடாதான் (சாயம் போடாத துணி), கூலிக்கு ஓட்டறோம். வயசு 44.

மாசி மாசம் ஒரு நாள் ராத்திரி பத்தரை இருக்கும், ஏழாம் நம்பர் தறியில பாவு நூல் அறுந்து போச்சுன்னு குனிஞ்சு பிணைச்சுட்டு இருந்தேன், நெஞ்சுல யாரோ முழங்கையை வெச்சு அமுத்தற மாதிரி வந்துச்சு, இடது தோள்ல இருந்து தாடை வரைக்கும் இழுக்குது, சட்டை தொப்பலா நனைஞ்சு போச்சு. கேஸ்னுதான் நெனச்சேன், சாயந்திரம் தின்ன போண்டா மேல பழியைப் போட்டேன். அப்படியே கீழ உக்காந்துட்டேன். கூப்புடறேன், தறிச் சத்தத்துல யாருக்கும் கேக்கல. பத்தடியில ஆள் நிக்கறாரு, முதுகைக் காட்டிட்டு தார் (ஊடை நூல் சுத்துன குச்சி) மாத்திட்டு இருக்காரு. கையில இருந்த கத்திரிக்கோலை அவரு காலுக்கு வீசினதுக்கு அப்புறம்தான் திரும்பிப் பாத்தாரு.

ஹார்ட் அட்டாக்குன்னு சொல்லி, ரத்தக்குழாய் அடைப்புக்கு ஒரு ஸ்டென்ட் வெச்சாங்க. பில்லு 2 லட்சத்து 35 ஆயிரம். இன்சூரன்ஸ் ஏழு வருசமா கட்டிட்டு வந்தது, 2025-ல கூலி உயர்வு கேட்டு மார்ச் மாசம் தறியை நிறுத்துனோமே, ஒரு மாசம் கிட்ட வருமானமே இல்ல, அப்ப பிரீமியம் தேதி வந்துச்சு, அடுத்த மாசம் கட்டிக்கலாம்னு விட்டேன், அப்படியே போச்சு.

ஐசியூவுல மூணு நாள். நடுவுல சனிக்கிழமை வந்துருச்சு, கூலி பட்டுவாடா பண்ணணும். பணம் அக்கவுண்ட்ல இருக்குது, ஓடிபி என்ற போனுக்கு வருது, போன் லாக் நம்பர் வீட்டுல தெரியாது. வீட்டுக்காரம்மா வளையலை அடகு வெச்சு கூலி குடுத்துருக்கா. அது எனக்கு டிஸ்சார்ஜ் ஆனதுக்கு அப்புறம்தான் தெரியும்.

இப்ப டாக்டர் நைட் ஷிப்ட் வேண்டாம், பஞ்சுத் தூசி வேண்டாம், டென்ஷன் வேண்டாம்ங்கறாரு. இந்த மூணும் இல்லாத தறிக்குடோன் எங்க இருக்குதுன்னு கேக்கலாம்னு இருந்தேன். பேங்க்ல தொழிலுக்கு வாங்குன சிசி (கேஷ் கிரெடிட்) லோன் 14 லட்சம், வீடு அடமானத்துல இருக்குது, வெளிய கைமாத்து ஒரு நாலு லட்சம். பாவு நூல் குடுத்து நெய்யச் சொல்ற உற்பத்தியாளருக்கு விஷயம் தெரிஞ்சா பாவு வேற ஆளுக்குப் போயிருமோன்னு வெறும் காச்சல்னு சொல்லி வெச்சிருக்கேன். இனி இன்சூரன்ஸ் கெடைக்குமா, பாதித் தறியை வித்துரலாமா, மொதல்ல எதைச் செய்யறதுன்னு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ஆஃப்செட்_சிவகாசி:

தம்பி, எனக்கு 2016-ல பைபாஸ். இப்ப வயசு 58, பிரஸ் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. மூணு மிசின் இருந்தது ஒண்ணாயிருச்சு, அதை மறைக்க என்ன இருக்கு.

மொதல்ல மாத்திரை. ஸ்டென்ட் வெச்சா ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை சேத்துக் குடுப்பாங்க, வழக்கமா ஒரு வருசம் கிட்ட. நல்லா இருக்கேன், எதுக்குச் செலவுன்னு நாமளா நிறுத்துனா ஸ்டென்டுக்குள்ளயே ரத்தம் கட்டி அடைச்சுரும். எங்க தெருவுல பேப்பர் கட்டிங் வெச்சிருந்தவர் பல்லு புடுங்கப் போறேன்னு அவரா ரெண்டையும் நிறுத்திட்டாரு, அதுக்கு மேல அவரைப் பத்தி எழுத எனக்கு மனசில்ல. பல்லோ எதுவோ, ஸ்டென்ட் வெச்ச டாக்டர்கிட்ட கேக்காம நிறுத்தாத.

பார்ட்டிக்குத் தெரியக்கூடாதுன்னு சொல்றியே, நானும் அப்படித்தான் நாலு மாசம் ஓட்டுனேன், காலண்டர் சீசன் வேற. ஒரு நாள் பிளேட் மாத்தும்போது தலை சுத்தி அவங்க ஆளு கண்ணு முன்னாலயே சாஞ்சுட்டேன், அதுக்கு அப்புறம் சொன்னா எவன் நம்புவான். ரெண்டு பார்ட்டி போயிட்டாங்க, உள்ளத உள்ளபடி சொல்லுதேன். இருந்த ஒருத்தர் மட்டும் அட்வான்ஸ் ஜாஸ்தி குடுத்து, அண்ணாச்சி ராத்திரி ஓட்டாதீங்க, நாள் தள்ளிக்கூட குடுங்கன்னாரு. யாரு போவா யாரு நிப்பான்னு சொல்லிப் பாத்தாத்தான் தெரியும். உனக்குப் பாவு குடுக்கிறவருக்கு நீ எத்தன வருசமா ஓட்டுற?

லேத்து_வீட்டுப்பொண்ணு:

அண்ணா, எங்க அப்பா கோயமுத்தூர் கணபதியில லேத் வொர்க்‌ஷாப் வெச்சிருந்தாரு, அஞ்சு வருசத்துக்கு முன்னால தூக்கத்துலயே போயிட்டாரு. நீங்க உசுரோட இருந்து இதைக் கேக்கறீங்க, அதனால கொஞ்சம் நீட்டியே எழுதறேன்.

புரொப்ரைட்டர்ஷிப்னா கடையும் ஆளும் ஒண்ணுதான், ஆள் போனா கடையும் அன்னிக்கே நின்னு போகுதுங்ணா. அப்பா பேன் நம்பர்ல இருந்த ஜிஎஸ்டியில அதுக்கு அப்புறம் பில் போட முடியாது, தொழிலைத் தொடரணும்னா வாரிசு பேர்ல புதுசா ரெஜிஸ்டர் பண்ணணும். கரண்ட் அக்கவுண்ட் முடங்கிப் போச்சு. பேங்க்ல வாரிசு சான்றிதழ் கேட்டாங்க, இ-சேவையில போட்டு விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு அம்மாவும் நானும் நடந்தது தனிக்கதை. அப்பா தான் இல்லாதப்ப ஆகும்னு கையெழுத்து போட்டு வெச்ச செக்கு ஏழு பீரோவுல இருந்துச்சு. அவரு முன்யோசனையா வெச்சதா நெனச்சு எடுத்துட்டுப் போனேன், மேனேஜர் பாத்துட்டு இதை யாருக்கும் குடுத்துடாதம்மா, கிழிச்சுப் போடுன்னுட்டாரு. பவர் பத்திரம் எழுதி வெச்சாலும் ஆள் போன நிமிசம் அதுவும் போயிரும், அது உசுரோட இருக்கறவரைக்கும்தான்.

எல்லாத்தையும் விட அந்த நோட்டு. அப்பாவுக்கு வரவேண்டிய பாக்கியெல்லாம் ஒரு அரைக்குயர் நோட்டுல, எல்லாம் அவருக்கு மட்டும் புரியற மாதிரி. "கு.ம. 15", "பம்பு 8½", "நம்ம ஆளு 22". நம்ம ஆளு யாருங்ணா? இன்னிக்கு வரைக்கும் தெரியாது. துக்கம் கேட்டு வந்தவங்க ஒவ்வொருத்தரையும் இவரா இருக்குமோன்னு அம்மா பாத்துட்டு இருந்தாங்க. குடுக்கவேண்டியவங்க யாரும் வரல, வாங்கவேண்டியவங்க பதினாறாம் நாளைக்குள்ள எல்லாரும் வந்துட்டாங்க.

அதனால நீங்க மொதல்ல அக்காவோட உக்காந்து முழுப் பேரு, போன் நம்பர், தொகை போட்டு எழுதுங்க. கரண்ட் அக்கவுண்டுக்கும் நாமினி போடலாம், கேட்டுப் போடுங்க. இன்னொண்ணு, சிசி லோன் பேப்பரை எடுத்து அக்கா அதுல எந்த இடத்துல கையெழுத்து போட்டிருக்காங்கன்னு பாருங்க. வாரிசுன்னா நீங்க விட்டுட்டுப் போற சொத்து அளவுக்குத்தான் கடனுக்குப் பொறுப்பு. கோ-பாரோயராவோ (கூடச் சேந்து கடன் வாங்கினவங்க) கேரண்டராவோ (ஜாமீன்) கையெழுத்து இருந்தா அப்படி இல்ல, அவங்க சொந்தப் பொறுப்பு ஆயிரும். எங்கம்மா கேரண்டர்னு எங்களுக்கே அப்பதான் தெரியும்.

பாலிசி_திருச்சி:

சார், நான் ஏஜென்ட், ஆனா உங்ககிட்ட எதையும் விக்க வரல. பழைய பாலிசி கிரேஸ் பீரியட் (தேதி தாண்டியும் கட்டக் குடுக்கிற அவகாசம்) தாண்டி லேப்ஸ் ஆகிடுச்சுன்னா அந்த ஏழு வருஷக் கணக்கு போச்சு, புதுசாத்தான் எடுக்கணும். ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு ஹெல்த் பாலிசியே கிடைக்காதுன்னு சொல்றது தப்பு, இதய நோய் இருக்கிறவங்களுக்குன்னே தனி பாலிசி விக்கிறாங்க, பிரீமியம் கூடுதலா இருக்கும். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு வெயிட்டிங் பீரியட் (கிளைம் கேக்க முடியாத காலம்) அதிகபட்சம் நாலு வருஷமா இருந்ததை 2024-ல மூணா குறைச்சிருக்காங்க. 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் பாலிசிக்கு அந்த 18 சதவீத ஜிஎஸ்டியும் கிடையாது. ஃபார்ம்ல ஸ்டென்டை மட்டும் மறைச்சுடாதீங்க, "அதெல்லாம் எழுத வேண்டாம் சார், நான் பாத்துக்கறேன்"னு எங்க ஆளுங்கள்லயே சிலர் சொல்லுவாங்க, கிளைம் வர்றப்ப அவர் போன் எடுக்க மாட்டார். உங்க வீட்டம்மாவுக்கும் பிள்ளைங்களுக்கும் தனியா ஒரு ஃபுளோட்டர் (குடும்பத்துக்கே சேர்த்து ஒரே பாலிசி) இப்பவே போட்டுடுங்க, உங்களுக்காக அவங்க காத்திருக்க வேண்டாம்.

டேர்ம் இன்சூரன்ஸ், அதாவது ஆள் போனா குடும்பத்துக்குப் பணம் வர்ற பாலிசி, உடனே கிடைக்கிறது கஷ்டம். கொஞ்ச காலம் போய் ரிப்போர்ட் எல்லாம் சரியா இருந்தா பிரீமியம் ஏத்திக் குடுக்கலாம், அப்ப எடுத்தா எம்டபிள்யூபி ஆக்ட்ல எடுங்க. 1874-ல வந்த திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம் அது, அந்தப் பணம் மனைவி, குழந்தைக்குத்தான், உங்க கடன்காரர் கை வைக்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே டிக் பண்ணணும், பின்னாடி சேர்க்க முடியாது. அதுவரைக்கும் பேங்க்லயே வருஷம் 436 ரூபாய்க்கு 2 லட்சம் லைஃப் கவர், பிரதமர் ஜீவன் ஜோதி திட்டம் இருக்கே, அதுல சேருங்க, 50 வயசுக்குள்ள இருந்தா போதும், மருத்துவப் பரிசோதனை கிடையாது. 14 லட்சக் கடனுக்கு முன்னால சின்னத் தொகைதான், இல்லேங்கல.

முதலமைச்சர் காப்பீடு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும், ஸ்டென்ட் வைக்கிற ஆஞ்சியோபிளாஸ்டியும் வரும், ஆனா குடும்ப வருமானம் வருஷம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள்ள இருக்கணும். உங்க நிலவரம் உங்களுக்குத்தான் தெரியும்.

சோமனூர்_12தறி:

ஏனுங்க, தறியை விக்கறதுன்னா யாருக்கு விப்பீங்க? பழைய சாதாத் தறிய இப்ப எடைக்குத்தான் கேக்கறாங்க, இரும்பு வெலை. எங்க பக்கத்துல ஒருத்தரு எட்டுத் தறியை அப்படி லாரியில ஏத்தி விட்டுட்டு ரெண்டு நாள் சோறு உங்கல, அதுக்கே நெஞ்சு வலி வந்துரும். எட்டை லீசுக்கு விடுங்க, கெடைக்கறது கம்மிதான், ஆனா நைட் ஷிப்ட் தலைவலி அவனுது. மிச்ச எட்டைப் பகல்ல மட்டும் ஓட்டுங்க. விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 1000 யூனிட் இலவசம் இருக்கறதுனால எட்டுத் தறிக்குக் கரண்ட் பில்லு கொஞ்சம் தாங்கும்.

தூசிக்கு ஒண்ணு சொல்றேன், ஏர் புடிச்சு தறியைச் சுத்தம் பண்றீங்கல்ல, அந்த நேரத்துல நீங்க உள்ள நிக்காதீங்க, மொத்தத் தூசியும் அப்பதான் கெளம்பும். எனக்கு ஞாயித்துக்கிழமை லீவு விட்டு திங்கக்கிழமை உள்ள போனா நெஞ்சு இறுகும், டாக்டர்கிட்ட சொன்னப்ப பருத்தித் தூசிக்கே உள்ள வியாதி இது, திங்கக்கிழமைதான் ஜாஸ்தி காட்டும்னாரு. நான் பீடிய விட்டது அன்னிக்குத்தான். அப்பறம் நீங்க கத்திரிக்கோலு வீசினதப் படிச்சுட்டு எங்க குடோன்ல ஒரு பல்பு மாட்டியாச்சு, செவப்பு, மூணு எடத்துல சுவிட்ச், தரையில உக்காந்தாலும் எட்டற மாதிரி. எலக்ட்ரீசியனுக்கு 900 ரூபா ஆச்சு. தறி சத்தத்துல பெல்லு வெச்சாலும் கேக்காதுங்க.

தறிக்குடோன்_பல்லடம்:

எல்லாருக்கும் நன்றிங்க. ரெண்டு வாரமா எழுத முடியல.

லேத்து வீட்டுப் பாப்பா சொன்ன மாதிரி லோன் பேப்பரை எடுத்துப் பாத்தேன். வீட்டுக்காரம்மா கோ-பாரோயருங்க. 2019-ல கையெழுத்து போட்டது, ஆதார்ல பேரு திருத்தறதுக்குன்னு நெனச்சுப் போட்டாளாம், நானும் அன்னிக்கு வெளக்கிச் சொல்லல. படிச்சுட்டு ஒண்ணும் பேசல, உள்ள போயி நோட்டு எடுத்துட்டு வந்து சொல்லுங்க எழுதறேன்னா. ராத்திரி ஒண்ணரை ஆயிருச்சு. வெளிய இருந்து வரவேண்டியது நான் நெனச்சிருந்ததை விட எம்பதாயிரம் ஜாஸ்தி இருக்குது, குடுக்க வேண்டியதும் ஜாஸ்திதான் இருக்குது. போன் லாக்கு இப்ப அவளோட பொறந்த நாளு.

உற்பத்தியாளர்கிட்ட போயி சொன்னேன், பதினோரு வருசமா அவருக்குத்தான் ஓட்டறேன். கேட்டுட்டு, சட்டைப் பொத்தானை அவுத்து தன்னோட பைபாஸ் தழும்பைக் காட்டறாருங்க. அவருக்கும் வெறும் காச்சல்தானாம், மூணு வருசத்துக்கு முன்னால. பாவு பாதியாத்தான் இனி வரும், அதுவும் சரின்னு சொல்லிட்டேன். ஆறு தறி லீசுக்குப் பேசியிருக்கேன். பேங்குக்குத் திங்கக்கிழமை ரெண்டு பேரும் போறோம், லோன் லிமிட்டைக் கொறச்சுக் கட்ட முடியுமான்னு கேக்கணும்.

சோமனூரண்ணன் சொன்ன பல்பும் மாட்டியாச்சு. நேத்து சாயந்திரம் யாரோ தார்க்கூடையை வெக்கப் போயி சுவிட்ச்ல இடிச்சுட்டாங்க. பல்பு எரிஞ்சதும் மூணு பேரும் தறியைப் போட்டது போட்டபடி என்னைத் தேடி ஓடி வந்துட்டாங்க, ஒருத்தரு கையில தண்ணிச் சொம்பு வேற. நான் வெளிய திண்ணையில டீ குடிச்சுட்டு இருந்தேன். சர்க்கரை போட்ட டீ. அதுக்குத்தான் அப்பறம் திட்டு வாங்குனேன்.