ஒலியை முந்தாத கனத்த ஈயக் குண்டுகள்: நீங்கள் நேரில் கண்டதை எழுதுங்கள்

நெடுங்குழல், பென்சில்வேனியா:

தோட்டாவைத் தாமே அடைத்துச் சுடுகிறவர்களில் பெரும்பாலோர் கூடுதல் வேகத்தையும் கூடுதல் தூரத்தையும் தேடியே இந்தப் பழக்கத்துக்குள் வருகிறார்கள். எனக்கு அந்த ஆசை இருந்ததில்லை. ஒற்றைத் தோட்டா மட்டும் கொள்ளும் பழைய வகைத் துப்பாக்கியில், நானே வார்த்த கனத்த ஈயக் குண்டை, ஒலியின் வேகத்துக்குக் கீழே நிறுத்திச் சுடுவதுதான் நான் தொடர்ந்து செய்துவருவது. இதே வழியில் இருப்பவர்கள் இங்கே சிலர் உண்டு என்று தெரிவதால், வெடிமருந்து அளவுகளைப் பற்றி அல்லாமல், சுடுகளத்திலும் வார்ப்புப் பட்டறையிலும் கண்டதைப் பகிர்ந்துகொள்ள இந்தத் திரியைத் தொடங்குகிறேன். அளவுகளை மருந்து உற்பத்தியாளர் வெளியிட்ட அட்டவணையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். இங்கே யாரும் எழுதவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம்.

என் தோட்டா .45-70. 1873-இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கியோடு வந்த இந்தத் தோட்டாவில் 405 கிரெய்ன் எடையுள்ள, அதாவது ஏறத்தாழ 26 கிராம் ஈயக் குண்டும் 70 கிரெய்ன் கரிமருந்தும் இருந்தன. குதிரைப்படையின் குறுந்துப்பாக்கிக்கு உதை தாங்காது என்று மருந்தை 55 கிரெய்னாகக் குறைத்தார்கள். உள்ளரங்கப் பயிற்சிக்கு உருண்டை ஈயக் குண்டு வைத்த மிக மென்மையான தோட்டாக்களும் அந்தக் காலத்தில் இருந்தன. ஆகவே மெதுவாகச் சுடுவது இந்தத் தோட்டாவுக்குப் புதிய வழக்கம் அல்ல.

ஒலியை முந்திச் செல்லும் குண்டு, குழலின் வாயில் எழும் வெடியோசையைத் தவிர, தான் போகும் வழி நெடுகிலும் சாட்டை சொடுக்கியதுபோல ஓர் ஓசையை எழுப்பிக்கொண்டே போகிறது. அந்த இரண்டாவது ஓசையை ஒழிக்க, குண்டு ஒலியின் வேகத்தைத் தொடாமல் இருந்தால் போதும். 20 பாகை செல்சியஸில் அது நொடிக்கு 343 மீட்டர், எங்கள் கணக்கில் ஏறத்தாழ 1,125 அடி. வேகத்துக்கு இப்படி ஒரு கூரை போட்ட பிறகு, குண்டின் வலுவைக் கூட்ட எடை ஒன்றுதான் மிஞ்சுகிறது. 230 கிரெய்ன் குண்டை 850 அடி வேகத்தில் அனுப்பும் .45 கைத்துப்பாக்கித் தோட்டா இயல்பாகவே இந்தக் கூரைக்குக் கீழே இருக்கிறது. 500 கிரெய்ன் குண்டை 1,050 அடியில் அனுப்பும் .45-70-உம் அதே குடும்பம்தான். நீண்ட குழலாக இருந்தால், குண்டு வெளியேறும் நேரத்தில் வாயுவின் அழுத்தம் வெகுவாகத் தணிந்துவிடுவதால் வாய் வெடியோசையும் தாழ்ந்தே கேட்கும்.

இங்கேதான் நான் எழுத வந்த விஷயம் இருக்கிறது. சத்தம் குறையக் குறைய, ஏதோ தவறிவிட்டது என்று நமக்குச் சொல்ல வேண்டிய அடையாளமும் குறைந்துகொண்டே போகிறது. எங்கள் களத்தில் என் பக்கத்து மேசையில் சுட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவர் சுட்ட ஒவ்வொன்றும் தடித்த புத்தகத்தை மேசையில் போட்டதுபோல மந்தமாகவே கேட்டது. அப்படி ஒன்று மற்றவற்றைவிடச் சற்றே மந்தமாக ஒலித்தது, உதை இல்லை. வேகமான தோட்டாவாக இருந்திருந்தால் அந்த வேறுபாடு களம் முழுவதையும் திரும்பிப் பார்க்க வைத்திருக்கும். அவரோ உறையை வெளியே எடுத்துவிட்டு அடுத்த தோட்டாவைப் போடப் போனார். அவருடைய இலக்கு அட்டையைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு நண்பர், புதிய துளை விழவில்லை என்று கண்டு, "நிறுத்துங்கள்" என்று குரல் கொடுத்தார். துப்பாக்கியைத் திறந்து பித்தளைக் கம்பியைக் குழலின் வாயிலிருந்து உள்ளே விட்டபோது பாதி வழியில் தடைபட்டு நின்றது. உறையில் மருந்து விழாமல், மருந்தைப் பற்றவைக்க உறையின் அடியில் இருக்கும் சிறு வெடிமூடியான பிரைமரின் விசை மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளி நிறுத்தியிருந்தது. அதன் பின்னால் இன்னொரு குண்டு போயிருந்தால் குழல் வளையமாக வீங்கியிருக்கும், அல்லது பிளந்திருக்கும்.

கொள்ளளவு மிகுந்த உறையில் சிறிதளவு மருந்தை இட்டால் அது அடியில் கிடப்பதே தெரியாது. இரண்டு முறை விழுந்தாலும் உறை நிரம்பி வழியாது. மருந்து இடும் இயந்திரத்தின் ஓசையையும் கையின் பழக்கத்தையும் நம்பி இதைச் செய்யக் கூடாது. நான் உறைகளை எல்லாம் மரப்பலகையின் குழிகளில் வரிசையாக நிறுத்தி, மருந்து இட்டபின் விளக்கைச் சாய்வாகப் பிடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் பார்த்த பிறகே குண்டுகளைப் பொருத்துகிறேன்.

பனிக்களம், மினசோட்டா:

நெடுங்குழல் ஐயா சொன்ன கூரை ஒரே உயரத்தில் நிற்பதில்லை என்பதை எங்கள் ஊர்க் குளிர் எனக்குக் காட்டியது. ஒலியின் வேகம் காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது. 30 பாகையில் நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர். சுழியத்துக்குக் கீழே 20 பாகையில் 319 மீட்டர்தான், அதாவது 1,046 அடி. ஜூலை மாதத்தில் 1,080 அடி வேகத்தில் அடக்கமாகப் போய்க்கொண்டிருந்த என் குண்டு, ஜனவரியில் பனி படர்ந்த களத்தில் வெளிப்படையாகச் சொடுக்கியது. குளிரில் மருந்தின் வேகமும் சற்றுக் குறையத்தான் செய்கிறது; ஆனால் என் தோட்டாவில் கூரை இறங்கிய அளவுக்கு அது இறங்கவில்லை. ஒலியின் வேகத்தை ஒட்டிப் பறக்கும் குண்டு அந்த எல்லையைக் கடக்கையில் நிலைகுலையவும் கூடும் என்பதால், ஆண்டு முழுவதும் ஒரே தோட்டாவை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் நன்றாகத் தாழ்த்தியே அமைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் பார்த்தேன். பெரிய உறையில் சிறிதளவு மருந்து இருக்கும்போது அது பிரைமரை ஒட்டிக் கிடக்கிறதா, குண்டை ஒட்டிக் கிடக்கிறதா என்பதே வேகத்தை மாற்றிவிடுகிறது. வேகமானியை முன்னால் வைத்து, சுடுவதற்கு முன் குழலை மெல்ல மேலே தூக்கி இறக்கிச் சுட்டபோது ஒரு வேகமும், கீழே சாய்த்து நிமிர்த்திச் சுட்டபோது வேறொரு வேகமும் வந்தன. இடத்தை அடைத்துக்கொள்ளும்படி வளைய வடிவில் செய்த டிரெயில் பாஸ் மருந்து இதற்கெனவே பலர் விரும்பியது. அது இப்போது கடைகளில் கிடைப்பதே அரிதாகிவிட்டது. வெற்றிடத்தில் செயற்கைப் பஞ்சை வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. மருந்தறையில் வளைய வீக்கம் கண்ட துப்பாக்கிகளைப் பற்றிய பேச்சு அந்தப் பழக்கத்தைச் சுற்றி நெடுங்காலமாக நடப்பதால் நான் அதன் பக்கம் போவதில்லை. மெதுவாக எரியும் மருந்தை இஷ்டத்துக்குக் குறைத்து இடுவது அதைவிட மோசம். குறைத்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறவர்களுக்கு, அட்டவணையில் கீழெல்லை என்ற ஒன்றும் அச்சிடப்பட்டிருப்பதை நினைவூட்டுகிறேன்.

ஈயக்கரண்டி, டெக்சஸ்:

நான் பட்டறைக்காரன், சுடுவதைவிட வார்ப்பதில்தான் எனக்கு நாட்டம் அதிகம் என்று வீட்டில் கேலி செய்வார்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது, ஈயத்தை எப்படிக் கடினமாக்குவது என்பதுதான். மெதுவான குண்டுக்கு அது தலைகீழான கேள்வி. உலோகத்தின் கடினத்தை அளக்கும் பிரினெல் கணக்கில் தூய ஈயம் ஏறத்தாழ 5. கார்ச் சக்கரங்களைச் சமன்செய்யப் பொருத்தும் பழைய சக்கர எடைகள் 12-ஐ ஒட்டி இருக்கும். அச்சுக்கூடத்து லைனோடைப் உலோகம் 22 வரை போகும். குறைந்த அழுத்தத்தில் சுடும்போது லைனோடைப் குண்டின் அடிப்பகுதி விரிந்து குழலை அடைத்துக்கொள்வதில்லை. இடுக்கு வழியே சூடான வாயு பக்கவாட்டில் சீறிக் குண்டின் ஓரத்தை அரித்து, அந்த ஈயத்தைக் குழலின் சுவரிலேயே பூசிவிடுகிறது. என் நண்பர் ஒருவர் கடினமான குண்டு சுட்டுக் குழல் முழுவதும் ஈயம் படிந்துவிட, இன்னும் கடினமாக்கினால் தீரும் என்று மேலும் மேலும் ஆண்டிமனி சேர்த்துக்கொண்டே போனார். இருபதுக்கு ஒன்று என்ற கணக்கில் ஈயத்தோடு வெள்ளீயம் மட்டும் சேர்த்து, அவருடைய குழலுக்குள் வெட்டிய சுழல் பள்ளங்களின் குறுக்களவைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு பெரிதாகக் குண்டை வார்த்துக் கொடுத்தேன். தேன்மெழுகு கலந்த மசகைத் தடவி அவர் சுட்டுவிட்டு வந்தபோது குழலில் ஒரு துணி விட்டு எடுத்ததே போதுமாக இருந்தது.

குழலின் உள்ளளவை ஊகிக்காதீர்கள். மென்மையான ஈயத்துண்டு ஒன்றை எண்ணெயிட்டு மெல்லத் தட்டிக் குழல் வழியே கடத்தி, வெளியே வந்த துண்டை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். பழைய ஸ்பிரிங்ஃபீல்ட் குழல்கள் இன்றைய .458 அங்குல அளவைவிட அகலமாக இருப்பதுண்டு. கடையில் வாங்கிய குண்டு அவற்றில் ஆடிக்கொண்டே போகும்.

உலையைப் பற்றிச் சில வார்த்தைகள். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும். துத்தநாகம் ஏறத்தாழ 420-இல்தான். இப்போது வரும் சக்கர எடைகளில் துத்தநாகமும் இரும்பும் கலந்தே கிடைக்கின்றன. கலிபோர்னியாவில் ஈயச் சக்கர எடைகளுக்கு 2010 முதல் தடை. கலத்தின் சூட்டை 400-ஐத் தாண்ட விடாமல் வைத்திருந்தால் ஈய எடைகள் கரைந்து அடங்கிய பிறகும் துத்தநாகத் துண்டுகள் முழு வடிவத்தோடு மேலே மிதக்கும். கரண்டியால் அள்ளிப் போட்டுவிடலாம். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் அவையும் கரைந்துபோகும். அதன் பிறகு மேற்பரப்பு ஆறிய கஞ்சிபோல் ஏடு பிடித்து, அச்சின் விளிம்புகளுக்குள் உலோகம் ஓடவே மறுக்கும். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டு நீர் அடியில் சிக்கினால் அது நீராவியாக வெடித்து உலோகத்தைக் கூரை வரை வீசும். ஈரமான எடையை உருகிய ஈயத்தில் போடவே கூடாது. மழைக்காலத்தில் திறந்த கொட்டகையில் உலை வைப்பதும் வேண்டாம்.

ஈயப் புகையைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை ஆபத்து கையிலிருந்து வாய்க்குப் போகும் வழியில்தான் அதிகம்: கசடுத் தூள், சுட்ட உறைகளைத் துலக்கிய தூசு, பிரைமர் விட்டுச்செல்லும் ஈயக் கரி. பட்டறையில் தின்பண்டம், தேநீர் எதுவும் வைக்காதீர்கள். பட்டறைச் செருப்பை வீட்டுக்குள் போடாதீர்கள். குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் வரம்பைத் தாழ்த்தியிருக்கிறது. என் மகளுக்கு ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை செய்கிறோம், எனக்கும்தான்.

மதுரைவாசி, மதுரை:

படிக்கவே சுவையாக இருக்கிறது, ஐயா. நான் இங்கே ஒரு சங்கத்தில் .22 சுடுகிறேன். இந்தியாவில் இதைச் செய்து பார்க்க வழி உண்டா?

நெடுங்குழல், பென்சில்வேனியா:

தம்பி, 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஐந்தாம் பிரிவில் தோட்டா உற்பத்திக்குத் தனி உரிமம் கேட்கிறது. சுடும் உரிமம் மட்டும் கையில் இருப்பது அதற்குப் போதாது. நீங்கள் சுடும் .22-இலேயே ஒலியை முந்தாத, தொழிற்சாலையில் அடைத்த போட்டித் தோட்டாக்கள் உண்டு. ஒலிம்பிக் போட்டிகளில் சுடப்படுவது அந்த வகைதான். அங்கே உங்களுக்கு அது போதும் என்பது என் எண்ணம்.

ஈயக்கரண்டி எழுதியது எனக்கும் பொருந்துகிறது. நானும் இருபதுக்கு ஒன்றுதான் வார்க்கிறேன். விடுபட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். குண்டு கனக்கக் கனக்க நீளமாகிறது. நீளமான குண்டை நிலையாகச் சுழற்றக் குழலின் சுழல் பள்ளங்களுடைய முறுக்கும் நெருக்கமாக இருக்க வேண்டும். .300 பிளாக்அவுட் தோட்டாவில் 200 கிரெய்னுக்கு மேற்பட்ட மெதுவான குண்டுகளைச் சுடுகிறவர்கள் எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று அல்லது ஏழுக்கு ஒன்று என்று குழலைத் தேர்வதற்குக் காரணம் அதுவே. முறுக்கு போதாத குழலில் சுட்டபோது அட்டையில் வட்டத் துளைக்குப் பதிலாகக் குண்டின் முழுப் பக்கவாட்டு உருவமே கிழிந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒலியடக்கி பொருத்தியிருப்பவர்கள் அப்படிப்பட்ட ஒரு துளையைக் கண்டாலே நிறுத்திவிட வேண்டும். புரளும் குண்டு அடக்கியின் உள்தடுப்பில் மோதும்.

மெதுவான குண்டு மண்ணில் புதைவதைவிடத் தெறிக்கவே விரும்பும் என்பதையும் மறக்க வேண்டாம். 26 கிராம் ஈயம் கல்லில் பட்டு உறுமிக்கொண்டு திரும்பும் ஓசையைக் கேட்டவர்கள் மண்மேடு இல்லாத இடத்தில் சுட மாட்டார்கள். 100 கஜத்துக்குக் குறி அமைத்த குண்டு 200 கஜத்தில் ஏறத்தாழ மூன்று அடி தாழ்ந்து விழுவதால், தொலைவைத் தவறாகக் கணித்தாலே அது மேட்டுக்கு முன்னால் தரையைத் தொட்டுவிடும்.

பனிக்களம், மினசோட்டா:

அந்த 200 கஜத்தில் எஃகுத் தட்டை வைத்துச் சுடும்போது, குண்டு போய்ச் சேர அரை நொடிக்கும் சற்று மேல், தட்டின் ஓசை திரும்பி வர இன்னோர் அரை நொடி. ஆகச் சுட்டபின் ஒரு நொடி கழித்தே அந்த "டங்" கேட்கிறது. ஐயா சொன்ன அடையாளத்துக்கு அதையே நான் நம்பியிருந்தேன். ஆனால் குறி தவறினாலும் ஓசை வராது, குண்டு குழலில் நின்றாலும் வராது என்பதால், புதிதாக அடைத்த தோட்டாக்களை இப்போது 25 கஜத்தில் வெள்ளை அட்டையில்தான் சுட்டுப் பார்க்கிறேன். துளை தெரியாவிட்டால் குழலை மேட்டின் பக்கமே வைத்து, பிரைமர் தாமதமாகப் பற்றுகிறதா என்று அரை நிமிடமாவது காத்திருந்து, திறந்து கம்பியை விட்டுப் பார்க்கிறேன். கம்பி மறுமுனையில் வந்த பிறகுதான் அடுத்த தோட்டா.