மாண்டலினில் அறுபதுகளின் பாடல்கள்: நீண்ட சுரங்களை எவ்வாறு தாங்குவது?

கேள்வி (கொக்குவில்): வயலின் கற்றவன் என்பதால், அதே ஜி, டி, ஏ, ஈ தந்தியமைப்புக் கொண்ட மாண்டலினில் 1965இல் வெளிவந்த பீட்டில்ஸ் இசைக்குழுவின் ‘யெஸ்டர்டே’ பாடலை விரைவில் பிடித்துவிட்டேன், ஆனால் நீண்ட சுரங்கள் உடனே அடங்கிவிடுவதால் பாடலின் ஏக்கம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில் (நல்லூர்): தம்பி, வயலினில் வில் செய்யும் வேலையை இங்கே பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) செய்ய வேண்டும். மணிக்கட்டைத் தளர்த்தி, இரட்டைத் தந்திகளை மேலும் கீழுமாக விரைந்து மீட்டும் டிரெமலோவைப் பழகுங்கள். அதையும் நீளும் சுரங்களில் மட்டுமே பயன்படுத்துங்கள். எல்லா இடத்திலும் மீட்டினால் பாடகர் மூச்செடுக்கும் இடைவெளிகள் மறைந்து, அந்தப் பாடலின் அழகே கெட்டுவிடும்.

பதில் (பருத்தித்துறை): ஒலிப்பதிவு எஃப் மேஜர் என்னும் சுரவரிசையில் உள்ளது. ஜி மேஜருக்கு உயர்த்தினால், ஜி, டி தந்திகள் அழுத்தாமலே உடன் ஒலித்துத் துணைநிற்கும். வேகமான ராக் பாடல்களுக்கோ தாளத்தின் இரண்டாம், நான்காம் தட்டுகளில் கோர்டை (சேர்ந்தொலிக்கும் சுரங்களை) மீட்டியவுடன் விரலைத் தளர்த்தி ஒலியை அடக்குங்கள். டிரம்ஸ் இல்லாத குறை தெரியாது.

கேள்வி கேட்டவர்: நன்றி அண்ணை. ஜி மேஜரில் இன்றிரவே வாசித்துப் பார்க்கிறேன்.