நீர்க்கட்டி: அம்மா வழி வியாதியா, வெயில் படாததாலயா?

விளக்குத்தூண்_ஜவுளி:
ஜவுளிக்கடையில வேலை. காலையில உள்ள போனா வெளிய வரும்போது ராத்திரி. வயசு 26. பீரியட்ஸ் ரெண்டு மூணு மாசம் தள்ளிப் போகும், தாடையில முடி. பிசிஓஎஸ்னு (சினைப்பை நீர்க்கட்டி) சொல்லிட்டாக. வைட்டமின் டி 11தான் இருக்காம். வாரம் ஒண்ணுன்னு 60,000 யூனிட் பவுடர், 8 வாரத்துக்கு எழுதியிருக்காக. மாமியா "ஒங்க ஆத்தா வழிச் சீக்கு"ங்கிறாக. எங்கம்மாவுக்கு மாசம் தவறுனதே இல்ல! அப்பாவுக்குத்தான் நாப்பதுக்குள்ள சுகர், அதுக்கு முன்னாடியே வழுக்கை. பவுடர் குடிச்சா கட்டி கரையுமா? 16 வயசுத் தங்கச்சிக்கும் ஸ்கேன் எடுத்துரவா?

ஒத்தக்கடை_நர்ஸ் (ரிட்டயர்டு):
அப்பா வழியாவும் வரும்மா, மாமியாகிட்ட தெகிரியமாச் சொல்லு. இதுக்கான மரபணுக்கள் ஆம்பளைககிட்ட சின்ன வயசு வழுக்கையாவும் சுகராவும் தலைகாட்டும். 2006-ல நெதர்லாந்துல இரட்டையர்கள வச்சுப் பாத்ததுல, சுமார் 70 சதவீதம் பரம்பரைன்னு வந்துச்சு. 2011-ல சீனாவுல எல்எச்சிஜிஆர், தாடா, டென்டி1ஏ மரபணுக்கள் இருக்கிற மூணு இடத்துக்கு பிசிஓஎஸ்ஸோட தொடர்பு இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. டென்டி1ஏ சினைப்பையில ஆண் ஹார்மோனக் கூட்டுற ஆளு. ஒரே மரபணு எல்லாத்தையும் தீர்மானிக்காது, பலது சேரணும்.

வைட்டமின் டி குறைச்சலும், இன்சுலின் சரியா வேலை செய்யாத கோளாறும் பல பேருக்குச் சேந்தே இருக்கும். எது எதுக்குக் காரணம்னு இன்னும் முடிவாகல. உடம்பு போட்டவங்களுக்குக் கொழுப்புக்குள்ள அது போயி அடைஞ்சுக்கிறதால ரத்தத்துல கொறையும். பவுடர் குறைச்சலச் சரிபண்ணும், எலும்புக்கு நல்லது. பாலோட குடி. ஆனா பிசிஓஎஸ்ஸுக்கு அது மருந்தில்ல. ஸ்கேன்ல தெரியுறது கரையிற கட்டியுமில்ல, பாதி வளந்து நின்னுபோன முட்டைப் பைக. 8 வாரம் முடிஞ்சதும் கடையில நீயா வாங்கி வாங்கிக் குடிக்காத, கால்சியம் ஏறி கிட்னியக் கெடுத்துரும்.

மல்லித்தோட்டம்:
அக்கா, நான் திருமங்கலம் பக்கம் பூப் பறிக்கிறவ. காட்டுலயே கெடக்கேன், எனக்கும் வைட்டமின் டி கம்மின்னுதான் வந்துச்சு. அது எப்பிடி?

ஒத்தக்கடை_நர்ஸ்:
இருட்டோட போயி வெயில் ஏறுமுன்ன திரும்பிருவீகள்ல. சேலைக்கு மேல ஆம்பளச் சட்டை, தலையில துண்டு வேற. வைட்டமின் டி உண்டாக்குற கதிர் பத்து மணியில இருந்து மூணு மணி வரைக்கும்தான் தெம்பா இருக்கும். நம்ம மாதிரி கறுத்த தோலுக்கு இன்னும் கூடுதல் நேரம் வேணும்.

ஜவுளிக்கடைம்மா, ஒன் தங்கச்சிக்கு ஸ்கேன் வேணாம். வயசுக்கு வந்து 8 வருசம் ஆகாத பிள்ளைகளுக்கு அத வச்சு முடிவெடுக்கக் கூடாதுன்னு 2023 சர்வதேச வழிகாட்டுதல்லயே இருக்கு. அந்த வயசுல சினைப்பை இயல்பாவே அப்பிடித்தான் தெரியும். மாதவிலக்கு ஒழுங்கில்லாம, கூடவே முகத்துல முடியோ அடங்காத பருவோ இருந்தா டாக்டர்கிட்ட காட்டு.

விளக்குத்தூண்_ஜவுளி:
சரிக்கா. எனக்கு சுகர் வெறும் வயித்துல பாத்தாக, நார்மல்தான்.

ஒத்தக்கடை_நர்ஸ்:
அது பத்தாது. 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுக்கிற டெஸ்ட்டக் கேளு. அப்பாவுக்குச் சுகர்ங்கிறதையும் மறக்காம டாக்டர்ட்ட சொல்லு.