செல்ஃப் அடிக்கவில்லை, கண்டெய்னர் லாரியிலிருந்து ஜம்பர் போடலாமா?

தேரடிவாசி:
பன்னிரண்டு நாள் காரை எடுக்கவே இல்லை. இன்று காலை அம்மாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சாவியைத் திருப்பினால் டக் டக்கென்று சத்தம் மட்டும்தான், டேஷ்போர்டு விளக்கும் மங்கிவிட்டது. ஆட்டோவில் போய்வந்தோம். 35 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரி, நாலு வருஷம் ஆகிறது. டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது. பக்கத்துத் தெருவில் கண்டெய்னர் லாரி ஓட்டும் அண்ணன், "சாயங்காலம் என் வண்டி பேட்டரியிலிருந்து ஜம்பர் ஒயர் போட்டுக்கலாம் தம்பி" என்கிறார். போடலாமா?

வியாசர்பாடி எலக்ட்ரீஷியன்:
வேண்டவே வேண்டாம் தம்பி. லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையில் இணைத்து 24 வோல்ட் வைத்திருப்பார்கள், உங்கள் காருக்கு 12தான். அப்படிப் போட்டால் ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போய்விடும், பேட்டரியே வெடிக்கலாம். வேறு கார் ஒன்றைப் பக்கத்தில் நிறுத்துங்கள், உரசக்கூடாது, இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். சிவப்பு முதலில் உங்கள் பிளஸ்ஸில், மறுமுனை அந்த வண்டி பிளஸ்ஸில். கறுப்பு அந்த வண்டி மைனஸில், கடைசி கிளிப்பை உங்கள் பேட்டரியில் மாட்டாமல் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்டுங்கள். கடைசி கிளிப்பில்தான் பொறி வரும், பேட்டரி மேலே ஹைட்ரஜன் வாயு நிற்கும். நான் வேலை கற்கும் காலத்தில் கடைசி கிளிப்பை மைனஸிலேயே வைத்தேன், மேல்மூடி பட்டாசு மாதிரி தெறித்தது. கண் தப்பியது தெய்வாதீனம். சட்டையில் ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன், துவைத்தபோது ஓட்டை ஓட்டையாக வந்தது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ கசிந்தாலோ தொடவே தொடாதீர்கள். கழற்றும்போது எல்லாம் தலைகீழ், எஞ்சினில் மாட்டிய கறுப்புதான் முதலில்.

எண்ணூர் அக்கா:
அந்தப் பூப்பு நம்ம ஏரியா உப்புக்காற்றில் சீக்கிரம் வரும். சுத்தம் செய்ய வண்டியின் பேட்டரி ஒயரைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டு ஷார்ட் ஆகும். வெந்நீரில் ஆப்பசோடா கரைத்து பழைய பிரஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும், ஆனால் செல் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா உள்ளே போகக்கூடாது. துடைத்துக் காய்ந்ததும் மாட்டி, வாசலின் தடவுங்கள். தண்ணீர் ஊற்றும் வகை என்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான், நம்ம போர் தண்ணீர் ஆகாது.

வியாசர்பாடி எலக்ட்ரீஷியன்:
ஸ்டார்ட் ஆனதும் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு நிறுத்தினால் நாளைக்கும் இதே கதைதான். சார்ஜரில் போடுங்கள், 35 ஏஎச்சுக்கு 3.5 ஆம்பியர் போதும், ராத்திரி முழுக்க ஆகும். மூடிய அறையில் வேண்டாம், பூஜை விளக்குக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

தேரடிவாசி:
மீட்டரில் 11.7 வோல்ட் காட்டியது. மச்சான் காரிலிருந்து போட்டோம், இரண்டாவது முயற்சியில் பிடித்தது. ஓடும்போது 14.2, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. சார்ஜ் முடித்துக் கழற்றிவைத்தேன், மறுநாள் காலையில் 12.6. லாரி அண்ணனிடம் 24 வோல்ட் விஷயத்தைச் சொன்னேன், "ஆமாப்பா, எனக்குத் தோணவே இல்லை" என்று டார்ச் பிடித்துக்கொண்டு கடைசிவரை கூடவே நின்றார்.