மறு: மண்ணில் கரிமம் தங்குவதற்கு ஒரு சொல்

அன்பு நண்பர்களே,
பள்ளித் தோட்டக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. செடி இழுத்த கரியமில வாயுவிலுள்ள கரிமம் (கார்பன்) வேராகவும் சருகாகவும் மண்ணில் சேர்ந்து, மட்கி, பல ஆண்டு தங்குவதற்குச் சொல் வேண்டும். ‘கரிமத் தேக்கம்’ சரியா?
— செ.

தம்பி செ.,
வேண்டாம். ஏங்கு–ஏக்கம், வீங்கு–வீக்கம் போலத் தேங்கு–தேக்கம். தானாய்க் கிடப்பது, சாக்கடை நினைவுதான் வரும். ‘கரிம வைப்பு’ என்க. ‘பெற்றான் பொருள்வைப் புழி’ என்பது குறள்; பொருளைச் சேர்த்து வைக்கும் இடம் என்று பொருள். வைகு என்றால் தங்கு; வைகல், வைகறை எல்லாம் இந்தக் குடும்பமே என்பது என் துணிபு.
— மு.

மு. ஐயாவுக்கு வணக்கம்.
வைகறைவரை போகவேண்டாம் ஐயா. வைப்பு என்றால் போட்டது போட்டபடி இருக்கும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். மண்ணில் அப்படியில்லை. நுண்ணுயிர்கள் மட்கைத் தின்று கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கின்றன; நம் வெயிலில் இன்னும் வேகமாக. களித்துகளோடு ஒட்டியதும் மண்கட்டிக்குள் அகப்பட்டதும்தான் நெடுநாள் தப்பும். அடிக்கடி கொத்தினால் கட்டி உடைந்து அதுவும் போகும். அதனால்தான் கொத்தாமல், சருகால் மண்ணை மூடி மூடாக்குப் போடச் சொல்கிறோம். பக்கத்துத் தோட்டத்துச் சருகை அள்ளி நம் பாத்தியில் போட்டால் நம் இருப்பு கூடும், அங்கே குறையும். இருப்பு வேறு, காற்றிலிருந்து மண்ணுக்கு வந்து தங்கும் இந்த நிகழ்வு வேறு. ‘கரிமப் பிணிப்பு’ எப்படி?
— வ.

பிணி நோயல்லவா அம்மா? ‘பிணைப்பு’ என்றால் வேதியியலார் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். கொத்தக்கூடாது என்கிறீர்கள், ‘தொடிப்புழுதி கஃசா உணக்கின்’ என்று வள்ளுவர் நன்றாக உழுது காயவிடச் சொல்கிறாரே?
— மு.

அடுத்த குறளிலேயே ‘ஏரினும் நன்றால் எருவிடுதல்’ என்கிறாரே ஐயா! செ., எருவை அளவோடு இடச் சொல்லுங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சினால் நைட்ரஸ் ஆக்சைடு வாயு கிளம்பும்; நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, அது பூமியைக் கரியமில வாயுவைப்போல் சுமார் 270 மடங்கு சூடேற்றும். சொல்லைவிட இந்த வரி கையேட்டில் இருப்பது முக்கியம்.
— வ.

2015இல் பிரான்சு தொடங்கிய மண் கரிம முயற்சிக்கே ‘ஆயிரத்துக்கு நான்கு’ என்று எளிய பெயர்தான். ஆறாம் வகுப்புக்கு ‘கரிமச் சேமிப்பு’ போதும். எல்லாருக்கும் புரியும்.
— இ.

இ. சொல்லும் ‘சேமிப்பு’ எளிது, அதையே போடுகிறேன். வ. அம்மாவின் விளக்கத்தை அடியில் பெட்டிச் செய்தியாகச் சேர்க்கிறேன்.
— செ.

போடுங்கள். சேமிப்பு என்றால் வேண்டும்போது எடுக்கலாம் என்றாகிறது. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். ‘வைப்பு’க்கான சான்றுகளைத் திங்களன்று தனி இழையில் தருகிறேன்.
— மு.