நீலத்திமிங்கலமா, ரீங்காரச்சிட்டா: யார் இதயம் கெட்டி?

சிட்டுப்பித்தன்:
பெரிதாக இருப்பதாலேயே நீலத்திமிங்கலத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறோம். என் ஓட்டு ரீங்காரச்சிட்டுக்குத்தான், அதாவது ஹம்மிங்பேர்டுக்கு. கியூபாவின் தேனீச்சிட்டு ஏறக்குறைய 2 கிராம். இந்தக் குடும்பத்தில் சில இனங்களின் இதயம் நிமிடத்துக்கு 1,200 முறை துடிக்கும். எந்தத் திமிங்கலத்தால் இது முடியும்?

கடலோடி:
படபடவென்று அடித்துக்கொண்டால்தான் நல்ல இதயமா? 2019-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வைப் பாருங்கள். கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் நீண்ட கழியின் முனையில் துடிப்பை அளக்கும் கருவியை வைத்து, ஒரு நீலத்திமிங்கலத்தின் உடம்பில் ஒட்டவிட்டார்கள். ஆழத்தில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 4 முதல் 8 துடிப்பு. ஒரு கட்டத்தில் வெறும் 2! ஒரு துடிப்பு கேட்டதும் எண்ண ஆரம்பியுங்கள். முப்பது வரும்வரை அடுத்தது இல்லை. அதுவரை விரிந்து நிற்கும் பெருந்தமனி மெல்லச் சுருங்கி ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். மேலே வந்து மூச்சு வாங்கும்போது அதே இதயம் 37 வரை போகிறது.

வழிப்போக்கன்:
குறுக்கே வருகிறேன். அந்தத் தமனிக்குள் ஆள் நீந்தலாம் என்பார்களே?

கடலோடி:
அது கட்டுக்கதை. டொராண்டோ அருங்காட்சியகத்தில் இருக்கும் இதயம் ஏறத்தாழ 180 கிலோ. பெரியதுதான், ஆனால் நீச்சல்குளம் இல்லை.

சிட்டுப்பித்தன்:
சரி, மெதுவாகத் துடிப்பதுதான் பெருமையா? சிட்டுக்கு அதுவும் தெரியும். குளிர்ந்த இரவில் மரத்துப்போன நிலைக்குப் போய்விடும், துடிப்பு 50 அளவுக்கு இறங்கும். பெருவின் ஆண்டிஸ் மலையில் ஒரு சிட்டின் உடல் வெப்பம் 3.3 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். தொட்டால் கல் மாதிரி சில்லென்று இருக்கும். விடிந்ததும் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு பூவுக்குக் கிளம்பிவிடும். உங்கள் திமிங்கலம் ஒரு ராத்திரி இப்படிச் செத்துப் பிழைக்குமா?

கடலோடி:
அதற்கு அவசியமே இல்லை. மாதக்கணக்கில் குறைந்த தீனியில் ஓட்டும் அளவுக்குக் கொழுப்பு இருக்கிறது. அன்றாடம் காய்ச்சி உங்கள் சிட்டுதான். அப்புறம், எல்லா உயிருக்கும் ஆயுளுக்கு ஏறக்குறைய 100 கோடித் துடிப்பு என்பார்கள். ஒன்று அவசரமாகச் செலவழிக்கிறது, இன்னொன்று நிதானமாக. இதில் யார் ஒசத்தி?

சிட்டுப்பித்தன்:
அந்த 100 கோடி கணக்குப் போட்டால் நிற்காது. இரவையும் சேர்த்துச் சிட்டுக்குச் சராசரி 400, ஆயுள் 5 வருடம் என்று வையுங்கள்: 105 கோடி. திமிங்கலத்துக்கு 15, 80 வருடம்: 63 கோடி. நமக்கு 70, 75 வருடம்: 275 கோடிக்கு மேல். இதில் எது எதோடு சமம்?

கடலோடி:
அந்த 15 எங்கிருந்து வந்தது? பதிவானதே ஒரு திமிங்கலம், அதுவும் எட்டரை மணி நேரம்தான். அதை வைத்து 80 வருடத்துக்குக் கணக்கா?

சிட்டுப்பித்தன்:
அந்த ஒரே திமிங்கலத்தை வைத்துத்தானே நீங்கள் சண்டையையே ஆரம்பித்தீர்கள்!