பழைய துணிக்கடை மேசை ஓரத்தில் பித்தளை ஆணிகள்: இது என்ன அளவு?

கத்தரிக்கோல்:

எல்லோருக்கும் வணக்கம். தாம்பரத்தில் சின்னதாக ஒரு தையல் கடை நடத்துகிறேன். துணி வெட்ட நீளமான மேசை ஒன்று தேடிக்கொண்டிருந்தேன். போன மாதம் பழைய மரச்சாமான் விற்பவரிடம் ஒரு தேக்கு மேசை கிடைத்தது. ஏழரை அடி நீளம், இடுப்புக்குச் சற்று மேல் உயரம். ஒரு பக்கம் முழுக்கப் பலகை அடைப்பு, மறுபக்கம் ஆறு இழுப்பறை. மவுண்ட் ரோட்டில் வெள்ளைக்காரர் காலத்துத் துணிக்கடையில் இருந்த கவுண்ட்டர் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

நான் கேட்க வந்தது இதுதான். மேல் பலகையின் ஓரத்தில் வரிசையாகப் பித்தளை ஆணிகள் அடித்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன், 17. முதல் ஆணிக்கும் கடைசி ஆணிக்கும் நடுவே 91.4 செ.மீ. இரண்டு ஆணிகளுக்கு இடையே 5.7 செ.மீ. இரு கோடியிலும் நடுவிலும் இருப்பவற்றுக்கு மட்டும் தலை பெரியது. கடைசிப் பித்தளை ஆணியைத் தாண்டி 8.5 செ.மீ. தள்ளி ஓர் இரும்புத் திருகாணி தனியாக நிற்கிறது. அது எதற்கு என்றே புரியவில்லை.

ஓர் இழுப்பறையின் உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வண்ணப் படம் ஒட்டியிருக்கிறது. தாமரையில் லட்சுமி, சுற்றிலும் பொன் நிற ஓரம். அடியில் ஆங்கில எழுத்துகள் அழிந்துபோய் ‘மான்செஸ்டர்’ என்பது மட்டும் தெரிகிறது.

தச்சர் வியாழக்கிழமை வருகிறார். ஆணியையெல்லாம் பிடுங்கிவிட்டு இழைத்துத் தருகிறேன், இல்லாவிட்டால் பட்டுத் துணி மாட்டிக்கொண்டு நூல் இழுக்கும் என்கிறார். அதற்கு முன்னால் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அடிஸ்கேல்:

91.44 செ.மீ. என்றால் சரியாக ஒரு கஜம், 36 அங்குலம். அதைப் 16 பங்கு போட்டால் ஒரு பங்கு இரண்டேகால் அங்குலம், அதாவது 5.7 செ.மீ. ஆங்கிலேயர் துணி அளவில் இந்தப் பதினாறில் ஒரு பங்குக்கு ‘நெயில்’ என்றே பெயர். ஆணிதான்! திருகாணி பற்றி எனக்கும் தெரியவில்லை.

கோடவுன் தெரு பெரியவர்:

அம்மா, முதலில் தச்சருக்குப் போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் கோடவுன் தெருவில் ஜவுளி மொத்தக் கடையில் 1966 முதல் 42 வருஷம் இருந்தவன். என் அப்பா அதற்கு முந்தைய தலைமுறை. மவுண்ட் ரோட்டில் ஒரு வெள்ளைக்காரத் துணிக்கடையில் 1929-ல் சேர்ந்து கவுண்ட்டரில் நின்றார். அவர் நின்றது நீங்கள் சொல்வது போன்ற மேசைக்குப் பின்னால்தான்.

ஒன்று கேட்கிறேன். ஆணிகள் இருப்பது இழுப்பறைப் பக்கமா, அடைப்புப் பக்கமா? அடைப்புப் பக்கம் என்றால் அது வாங்க வந்தவர் நின்ற பக்கம். விற்கிறவன் தன் வசதிக்கு அடித்துக்கொண்டதாக இருந்தால் தன் பக்கம் அல்லவா அடித்திருப்பான்? வாங்குகிறவர் கண்ணுக்கு நேரே துணி அளக்கப்பட வேண்டும் என்றுதான் அங்கே அடித்தார்கள். துணி அளப்பதில் எத்தனை வழியில் ஏமாற்றலாம் என்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். இழுத்துப் பிடித்து அளந்தால் கஜத்துக்கு அரை அங்குலம் விற்கிறவனுக்கு மிச்சம். கட்டை விரலை உள்ளே வைத்து மடக்கினால் இன்னும் கொஞ்சம். பத்து கஜம் வாங்கிய அம்மாள் வீட்டுக்குப் போய் அளந்தால் கால் கஜம் குறையும், ஜாக்கெட்டில் கை வராது. அப்பா துணியை ஆணி வரிசை மேல் தளர்வாகப் படுக்க விடுவார். உள்ளங்கையால் ஒரு தடவை நீவுவார், அவ்வளவுதான், இழுக்க மாட்டார். ‘விட்டு அள’ என்றுதான் எனக்கும் சொல்லிக் கொடுத்தார்.

அளந்த பிறகு கத்தரி எடுப்பது எல்லாத் துணிக்கும் கிடையாது. லாங்கிளாத், பாப்ளின், மல் இவற்றுக்குக் கரையில் அரை அங்குலம் வெட்டு கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்து ஒரே வீச்சில் கிழிப்பார்கள். ஊடை நூல் ஓடுகிற வழியிலேயே கிழிவதால் ஓரம் நேராக வரும், கத்தரியால் அவ்வளவு நேராக வெட்ட முடியாது. ஃபிளானலையும் காக்கி டிரில்லையும் வெட்டத்தான் வேண்டும். கடையில் நாள் முழுக்கச் சர்ர்ரென்று அந்தக் கிழிபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்குமாம். வியாபாரம் நன்றாக இருக்கிறதா என்று முதலாளி மாடியில் உட்கார்ந்து அதை வைத்தே சொல்லிவிடுவாராம்.

விலைக் கணக்குக்கு வருவோம். கஜம் ஐந்தரை அணா, மூன்றரை கஜம் வேண்டும். எவ்வளவு? பத்தொன்பதேகால் அணா, அதாவது ஒரு ரூபாய் மூன்றேகால் அணா. அப்பா வாயைத் திறக்கும் முன் கணக்கு வந்துவிடும். காரணம் நம்முடைய பின்ன வாய்ப்பாடு. பதினாறில் ஒன்று மாகாணி. ரூபாய்க்கு 16 அணா, கஜத்துக்கு 16 ஆணி. கஜம் மூன்று ரூபாய்த் துணி என்றால் ஓர் ஆணி இடைவெளி மூன்று அணா, யோசிக்கவே வேண்டாம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மாகாணி வாய்ப்பாட்டை அடி வாங்கிப் படித்த பையன், மவுண்ட் ரோட்டில் துரைசானிக்குத் துணி அளக்கும்போது அதை வைத்துத்தான் பிழைத்தான்.

அந்தக் காலத்தில் அந்த வீதியில் பெரிய பெயர் ஒயிட்அவே லெய்ட்லா. 1882-ல் கல்கத்தாவில் தொடங்கிய கம்பெனி, கொழும்பு, சிங்கப்பூர், ஷாங்காய் வரை கிளை விட்டது. கடன் கிடையாது, ரொக்கம் வைத்தால்தான் துணி. அதனால் வெள்ளைக்காரர்களே அந்தப் பெயரைத் திரித்து ‘ரைட் அவே அண்ட் பெய்ட் ஃபார்’, அதாவது உடனே காசு வைத்து வாங்கியது, என்று கூப்பிட்டார்கள். மெட்ராஸ் கடை இருந்த கட்டடம் பிற்பாடு விக்டரி ஹவுஸ் என்ற பெயரில் சுதேசமித்திரன் பத்திரிகையின் அலுவலகமானது. அப்புறம் வி.ஜி.பி. நிறுவனத்தின் கைக்கு வந்தது. சீமைத் துணி விற்ற இடத்தில் சுதேசமித்திரன் அச்சாகிறது என்று அப்பா அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்குக் காட்டுவார். அந்தச் சந்தோஷம் அவருக்குக் கடைசி வரை குறையவில்லை.

ஏனென்றால் அவருக்கு அந்த வேலையில் ஒரு வேதனை இருந்தது. அவர் நின்ற கடையில் வேட்டி கட்டி வந்தவர் எவ்வளவு பணம் வைத்திருந்தாலும், தொப்பி போட்டவர் வாங்கி முடிக்கும் வரை நிற்க வேண்டும். அப்பாவே வேட்டிக்காரர்தான், கடைக்காகக் கோட்டு மாட்டியவர். முப்பதுகளின் தொடக்கத்தில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்தபோது, ஒரு தீபாவளிக்குக் கடையில் கொடுத்த மிச்சத் துண்டு, நல்ல பூப்போட்ட சீட்டி, வீட்டுக்குக் கொண்டு வந்தார். பாட்டி அதைக் கையால் தொடவில்லை. கதரே கட்டிக்கொண்டார். அப்பா பாட்டியிடம் ஒரு வார்த்தை பேசாமல் அந்தத் துண்டை மடித்துப் பெட்டியில் வைத்தார். இன்றும் என்னிடம் இருக்கிறது, ஒருவரும் உடுத்தாமல்.

லட்சுமி படத்துக்கு வருகிறேன். அதை டிக்கெட் என்பார்கள். மான்செஸ்டர் வியாபாரிகள் இந்தியாவுக்கு அனுப்பும் ஒவ்வொரு துணிக் கட்டின் மேலும் இப்படி ஒரு வண்ணப் படம் ஒட்டுவார்கள். எழுத்துத் தெரியாதவரும் போன தடவை வாங்கிய அதே துணியைப் படத்தைப் பார்த்துக் கேட்கலாம். ‘லட்சுமி மார்க் மல்’ என்றால் போதும். படம் அழகாக இருந்தால் கடைப் பையன்கள் உரித்து எடுத்துக்கொள்வார்கள். உங்கள் இழுப்பறையில் ஒட்டியதும் அப்படி ஒரு பையனாகத்தான் இருக்கும். நீளம் எத்தனை கஜம் என்பதை மட்டும் துணியின் மேலேயே முத்திரையாக அடித்தாக வேண்டும், 1889-ல் அதற்கென்று சட்டமே வந்தது.

சீமைத் துணியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கஞ்சியோடு சீனக் களிமண்ணும் ஏற்றி எடை கூட்டி அனுப்புவார்கள். கடையில் தொட்டால் கெட்டியாக இருக்கும், ஒரு சலவைக்குப் பின் சல்லடை. விவரமான பெண்கள் துணி முனையை இரு உள்ளங்கைக்கு நடுவே வைத்துக் கசக்குவார்கள். கறுப்புப் புடவை மேல் வெள்ளைப் பொடி உதிர்ந்தால் வேண்டாம் என்று தள்ளிவிடுவார்கள். நீங்கள் இன்றைக்கும் மலிவு லைனிங் துணியை அப்படிக் கசக்கிப் பார்க்கலாம்.

கடைசியாக அந்தத் திருகாணி. பித்தளையிலிருந்து 8.5 செ.மீ. என்றீர்கள். 91.4 உடன் கூட்டிப் பாருங்கள்.

கத்தரிக்கோல்:

ஐயா, கூட்டிப் பார்த்தேன். 99.9. மீட்டர்! கை நடுங்கிவிட்டது, உடனே கடைக்குப் போய் மறுபடி டேப் வைத்து அளந்தேன். சரியாக 100 வருகிறது, நான்தான் முதலில் அரைகுறையாக அளந்திருக்கிறேன்.

ஆணிகள் அடைப்புப் பக்கம்தான். இத்தனை நாள் அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தேன். தச்சரிடம் இழைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் இரண்டு ஆணிகள் மேலே கிளம்பி நிற்பது உண்மை. பட்டு மாட்டும். அதற்கு என்ன செய்வது?

கொழும்புக்காரி:

அக்கா, ஐயா எழுதினதை எங்கட அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இங்கே நாங்கள் கஜம் என்று சொல்வதில்லை, ‘யார்’ என்றுதான் கேட்போம், ‘ரெண்டு யார் சீத்தை தாங்கோ’ என்று. சீத்தை என்றால் ஐயா சொன்ன சீட்டிதான். மாகாணிக் கணக்கு மட்டும் இங்கே அவ்வளவு உதவியிருக்காது. இலங்கையில் 1872 முதலே ரூபாய்க்கு நூறு சதம். பதினாறு பங்கு போட்ட மேசையில் அளந்து, நூறு பங்கு போட்ட காசில் கணக்குப் பார்க்க வேண்டும். அம்மம்மா கோட்டையில் கார்கில்ஸ் கட்டடத்துக்குப் போய்ச் சாமான் பார்த்துவிட்டு, உடுப்புத் துணியைப் புறக்கோட்டை மெயின் வீதியில்தான் வாங்குவாவாம். அந்தச் சிவப்புக் கட்டடம் யோர்க் வீதியில் இன்றைக்கும் இருக்கிறது, 1906-ல் கட்டினது. மேசையின் படம் ஒன்று போடுங்கோ அக்கா, அம்மா பார்க்க ஆசைப்படுகிறா.

கோடவுன் தெரு பெரியவர்:

கொழும்பு மகளுக்கு நன்றி. சதக் கணக்கு எனக்குப் புதுச் செய்தி.

கத்தரிக்கோல் அம்மா, கிளம்பிய ஆணிகளைப் பிடுங்க வேண்டாம். மேலே ஒரு மரத்துண்டை வைத்து அதன் மேல் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் இறங்கிவிடும். நேராக ஆணித் தலையில் அடிக்காதீர்கள், பழைய பித்தளை, நசுங்கும். பளபளப்புக்காகப் புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், ஈரம் தேக்கில் இறங்கிக் கறை விழும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

திருகாணியையும் எடுத்துவிடாதீர்கள். 1957 ஏப்ரல் 1-ல் அணாவுக்குப் பதிலாக ரூபாய்க்கு நூறு நயா பைசா வந்தது. அதன் பின்னால் கஜம் போய் மீட்டர் வந்தபோது ஜனங்கள் திண்டாடிப் போனார்கள். கஜத்துக்கும் மீட்டருக்கும் உள்ள மூன்றேகால் அங்குலச் சொச்சம் யாருக்கு லாபம் என்று கடைக்குக் கடை சண்டை. புது மேசை செய்யாமல் ஒரு திருகாணியை முறுக்கி வேலையைத் தொடர்ந்திருக்கிறார்கள். அப்படியென்றால் வெள்ளைக்காரன் போன பிறகும் உங்கள் மேசை வேலை பார்த்திருக்கிறது, அறுபதுகளில் அதன் முன்னால் நம் ஜனங்கள் நின்று துணி வாங்கியிருக்கிறார்கள்.

முழுக்கைச் சட்டைக்கு அப்பா சொல்லும் அளவு, 36 அங்குல அகலத்தில் இரண்டே முக்கால் கஜம். அந்த ஆணி வரிசையில் ஒரு தடவை அளந்து பாருங்கள்.

கத்தரிக்கோல்:

ஐயா, சொன்னபடி கட்டை வைத்துத் தட்டினோம், இரண்டும் இறங்கிவிட்டன. தச்சரும் விரலை ஓட்டிப் பார்த்து, சரி, மாட்டாது என்றார். மேசையைத் திருப்பிப் போட்டுவிட்டேன். அடைப்புப் பக்கம் இப்போது வாசலைப் பார்த்து இருக்கிறது.

இன்று காலை வெள்ளைப் பாப்ளின் வாங்கி வந்து இரண்டு தடவை முழுக் கஜம், மூன்றாவது தடவை பன்னிரண்டு இடைவெளி வைத்தேன். அப்புறம் டேப்பால் அளந்தேன். 2.51 மீட்டர். நான் இருபது வருஷமாக எல்லோரிடமும் சொல்லும் அதே இரண்டரை மீட்டர். பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர் அக்கா, எதற்கு இரண்டு விதமாக அளக்கிறாய் என்று கேட்டார். அவரையே ஆணிப் பக்கம் கூப்பிட்டு நிற்க வைத்து, துணியை இழுக்காமல் விட்டு, மறுபடி அளந்து காட்டினேன்.

படம் சாயங்காலம் போடுகிறேன், லட்சுமி டிக்கெட்டையும் சேர்த்து.